நைட் ஷிப்ட் வீடுகளின் அமைதி

பாதுகாப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அபிராமி மூன்று முறை போன் செய்துவிட்டார். முதல் முறை நான் இரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டையில் ஒன்பது இருக்க வேண்டும், எட்டுதான் இருந்தது. இரண்டாம் முறை, தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேனா என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

அபிராமி எங்கள் சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மனநல ஆலோசகர். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. இப்போது ஷிப்டுக்கு முன்னால் ஒரு டேப்லெட்டை நீட்டுகிறார்களாம். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று படங்கள். தொழிலாளி தன் மனநிலையைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

“எதைத் தொடுறாங்கம்மா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் நடுவுல இருக்கறதைத்தான் சார்.”

“ஒருத்தர்கூட அழுகிற முகத்தைத் தொடலியா?”

“ஒருத்தர் தொட்டார். கூப்பிட்டுக் கேட்டேன். கை தவறிப் பட்டுடுச்சுங்க மேடம்னார்.”

அதனால்தான் கேட்டாராம், அந்தக் காலத்தில் நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று. நான் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவரின் கீழ் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். அவரைப் பற்றியும், ஒரு பெல்ட் ஆபரேட்டரின் குடும்பத்தைப் பற்றியும் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தார் அனுமதி தந்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் ஏழு மாதம் வேலை பார்த்தேன். முதல் பதினொரு வருடம் டைம் ஆபீசில் எழுத்தர். மூன்று ஷிப்டும் வாராவாரம் மாறி மாறி வரும். மீதி வருடங்கள் பாதுகாப்புப் பிரிவில். அதற்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தீயணைக்கும் கருவி, முதலுதவி, படிவங்கள். படிவங்கள் மட்டும் பதினேழு.

அதில் ஒன்றுதான் நியர் மிஸ் ரிஜிஸ்டர். விபத்து நடக்கப் பார்த்து நூலிழையில் தப்பிய சம்பவங்களை அதில் எழுத வேண்டும். யார், எங்கே, என்ன நடந்தது, காரணம் என்ன என்று கட்டங்கள் இருக்கும். அந்தப் பதிவேட்டை நான் வெகு சுத்தமாக வைத்திருந்தேன். ரஹீம் சார் பாதுகாப்பு அதிகாரியாக வந்த முதல் வாரத்தில் அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், மெலிந்த மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“நடராஜன், காரணம்ங்கற கட்டத்துல முப்பத்தோரு இடத்துல ‘கவனக்குறைவு’ன்னு எழுதியிருக்கீங்க. எண்ணிப் பார்த்தேன்.”

எண்ணுகிற இன்னொரு மனிதர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். “முப்பத்திரண்டு சார். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால ஒண்ணு இருக்கு” என்றேன்.

“அப்போ முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒரு டாக்டர் இப்படி எழுதுனா அவர்கிட்ட மருந்து வாங்கிச் சாப்பிடுவீங்களா?”

அன்றிலிருந்து விசாரணையில் ‘ஏன்’ என்ற சொல்லையே அவர் தடை செய்துவிட்டார். ஏன் என்று கேட்டால் மனிதன் தனக்கே வக்கீலாகிவிடுவான், எப்போது என்று கேளுங்கள், அதற்குப் பொய் சொல்வது கஷ்டம் என்பார்.

அவர் விசாரிக்கும் முறையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், அபிராமிக்குப் பயன்படலாம். வருகிறவரை மேசைக்கு எதிரில் உட்கார வைக்க மாட்டார். சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். முதலில் தண்ணீர். பிறகு தன் ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கால்மேல் கவிழ்த்துக்கொள்வார். எதிராளி பேசும்போது யாரும் எழுதக்கூடாது. நான் வெளியே போய் நினைவிலிருந்து எழுத வேண்டும். கேள்விகள் மூன்றே மூன்று. எப்போது தூங்கினீர்கள்? எப்போது சாப்பிட்டீர்கள்? வீட்டில் கடைசியாக யாரிடம் எப்போது பேசினீர்கள்?

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குத் தாவ மாட்டார். அந்த நேரத்தில் எனக்குக் கை பரபரக்கும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஆட்கள் கேலி செய்யாமல் இல்லை. ஒரு டிரைவர், “மூணாவது கேள்விக்கு எங்க வூட்டம்மாவ இட்டாரட்டுமா சார்? நான் எப்போ பேசுனேன்னு அதுதான் கணக்கு வெச்சிகினு இருக்கும்” என்றார். ரஹீம் சாரும் சிரித்தார். பிறகு அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.

பம்ப் பிரிவில் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஒரே மாதத்தில் ஒன்பது டபுள் டூட்டி பார்த்தார். உழைப்பாளி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு நாள் வால்வு மாற்றும்போது ஏணியிலிருந்து சறுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். எப்போது வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று சார் கேட்டதற்கு அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திவிட்டார்.

“வூட்ல ஆத்தாளுக்கும் அவளுக்கும் ஒரே அடுப்புக்கு சண்ட சார். நான் யார் போடுறத துன்னாலும் இன்னொருத்தங்க பட்டினி கெடக்குறாங்க. நான் கேன்டீன்ல துன்னுட்டா மூணு பேரும் சாப்புடுறோம்.”

ரஹீம் சார் அவருக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு டபுள் டூட்டிக்கு மேல் இவருக்குக் கூடாது என்று மட்டும் எழுதினார். எப்படியும் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றானதும், அந்த மனிதர் தானாகவே இரண்டாவது அடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். காரணம் என்ற கட்டத்தில் அன்று நான் முதன்முறையாகக் ‘கவனக்குறைவு’ தவிர வேறொன்றை எழுதினேன்.

கலியபெருமாள் விஷயம் வந்தபோது நான் ஓய்வுபெறப் பதினான்கு மாதங்கள் இருந்தன.

அவர் பெல்ட் ஆபரேட்டர். பெல்ட்டை இழுக்கும் பெரிய மோட்டார்கள் இருக்கும் முனையில் நிற்பவர். பத்தொன்பது வருட அனுபவம். மழை பெய்தால் களிமண் உருளைகளில் அப்பிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்விட்சில் அபாய அட்டையை மாட்டிவிட்டுத்தான் அந்த மண்ணைச் சுரண்ட வேண்டும். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். அன்று பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்வெட்டியை நீட்டினார். உருளை அதைப் பிடுங்கியது. கூடவே வலது கையுறையும் போயிற்று; கை மட்டும் வெளியே நின்றது. பக்கத்திலிருந்தவர் அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்தினார். மண்வெட்டி பதினோரு தப்படி தள்ளிக் கிடந்தது. நானே நடந்து பார்த்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எப்போ தூங்குனீங்க?”

“படுத்துகினு இருந்தேன் சார்.”

“எப்போ தூங்குனீங்க?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

“வீட்ல கடைசியா யார்கிட்ட பேசுனீங்க, எப்போ?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். கடிகார முள் நாற்பத்தெட்டு விநாடிகளைக் கடந்தது.

“எம் பொண்ணு எங்கிட்ட பேசி இருவத்தாறு நாளாவுது சார்.”

பெண் கீர்த்தனா, பத்தாம் வகுப்பு. இருபத்தாறு நாட்களுக்கு முன் கலியபெருமாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய பெண் போர்வைக்குள் போனோடு கிடக்கிறாள். மூன்று முறை கூப்பிட்டார். காதில் இயர்போன், கேட்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் அடித்து உடைத்தார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. முதல் நான்கு நாள் சாப்பிடவில்லை, கை நடுங்கியது, இரவெல்லாம் அழுதாள். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறையில் தாழிட்டுக்கொண்டாள். பிடுங்கப் போன அம்மாவின் கையைக் கீறிவிட்டாள். ஒன்பது நாளாகப் பள்ளிக்கூடமும் போகவில்லை. பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

ரஹீம் சார் அவரை பெல்ட்டிலிருந்து எடுத்து, டூல் ரூமில் பகல் வேலை கொடுத்தார்.

“இதுக்கு மெமோவே குடுத்திருக்கலாம் சார். பெல்ட்ல இருந்து எறக்கிட்டாங்கன்னு ஊரே பேசும்” என்றார் கலியபெருமாள்.

“மெமோ குடுத்தா நாளைக்கும் அங்கதான் போயி நிப்பீங்க. எனக்கு உங்க ரெண்டு கையும் வேணும்.”

கலியபெருமாள் எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார். “பெல்ட்டு கெடக்கட்டும் சார். அவ ஒரு வார்த்த பேசிட்டா போதும். திட்டுனாலும் செரி.”

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவில், வேலையிலிருந்து மாற்றப்பட்டவரின் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வருவது வழக்கம். நான் போனேன். மனைவி வசந்தா வடலூர்ப் பக்கத்துப் பெண். மோர் கொடுத்தார், மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நான் எடுத்த எடுப்பில், “ஏம்மா இப்படிப் பண்றே?” என்று கேட்டுவிட்டேன். பதினெட்டு வருடம் ரஹீம் சாரிடம் இருந்தும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். அவள் பதில் சொல்லாததால் நானே பேசத் தொடங்கினேன். கண் கெடும் என்றேன். அப்பா எவ்வளவு கஷ்டப்படுகிறார் தெரியுமா என்றேன். எங்கள் காலத்தில் என்று வேறு ஆரம்பித்தேன்.

முடித்ததும் அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “இருவத்திரண்டு நிமிஷம் பேசுனீங்க அங்கிள். ஏன்னு கேட்டீங்க, பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. நான் போவட்டுமா?”

போய்விட்டாள். வசந்தா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் காது சூடாயிற்று. எழுந்து வருவதற்குமுன், ஒன்றாவது உருப்படியாகச் செய்யலாம் என்று, வீட்டில் பெரிய சண்டைகள் எப்போதெல்லாம் நடந்தன என்று வசந்தாவைக் கேட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள், அரையாண்டுத் தேர்வு லீவில், அண்ணன் வீட்டுக் காதுகுத்து அன்று என்று பதினான்கு சொன்னார். தேதிகளைக் குறித்துக்கொண்டேன். அலுவலகத்தில் பழைய ஷிப்ட் அட்டவணைகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று, கலியபெருமாளின் நைட் ஷிப்ட் வாரத்தில் விழுந்தன.

தாளை எடுத்துக்கொண்டு ரஹீம் சாரிடம் ஓடினேன். தூக்கமில்லாத மனிதர், அதனால் கோபம், அதனால் சண்டை. கணக்கு முடிந்தது என்று எனக்கு நினைப்பு.

அவர் நிதானமாகப் படித்தார். “நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இதெல்லாம் சண்டை எப்போன்னு சொல்லுது. போன் எப்போ வந்துச்சு? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போவோம்.”

அந்த ஞாயிறு வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். கலியபெருமாள் சமையலறை வாசலில் நின்றார். மகள் இருக்கும் இடத்தில் உட்காரத் தயங்குகிறார் என்று தெரிந்தது. ரஹீம் சார் நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு நானும் உட்கார வேண்டியதாயிற்று. கீர்த்தனா கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“உன் கைக்கு முதல்முதலா போன் எப்போம்மா வந்துச்சு?”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. யோசித்தாள். சார் காத்திருந்தார்.

“ஆறாவது படிக்கசொல்ல. காலாண்டு லீவு. அப்பாவுக்கு நைட் ஷிப்ட். நான் பாட்டு பாடிகினு இருந்தேன். அம்மா வந்து அவங்க போனக் குடுத்து, காதுல இயர்போன மாட்டி உட்டாங்க. சத்தம் போடாம இருந்தா எவ்ளோ நேரம் வேணா பாத்துக்கோன்னாங்க.”

“அதுக்கப்புறம் எப்போ எப்போ குடுப்பாங்க?”

“அப்பா பகல்ல தூங்கறப்பல்லாம்.”

இந்த இடத்தில், டவுன்ஷிப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர் பகலில் தூங்கும் வீட்டுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. எங்கள் தெருவில் கேட்டில் துண்டைக் கட்டிவிடுவோம். துண்டைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவாமல் தாண்டிப் போவார். அந்த வாரம் குக்கர் கிடையாது, பானையில்தான் சோறு. டிவி படம் காட்டும், பேசாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கூட ஆணி அடிக்க மாட்டார். பெல்ட் பக்கத்தில் நிற்பவரின் தூக்கம் கெட்டால் கை போய்விடும் என்று பெண்களுக்குத் தெரியும். பிள்ளைகளை அடக்குவதுதான் கஷ்டம். அதற்கு முன்பெல்லாம் அடி, மிட்டாய், பின்கட்டு. பிறகு போன் வந்தது.

கீர்த்தனா பேசிக்கொண்டே போனாள். பேசிப் பேசித் தொண்டை கட்டியவள்போல அவள் குரல் மெல்லியதாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த வீட்டில் அவள் பழகிய குரலே அவ்வளவுதான்.

“இந்த வூட்ல வாயத் தொறந்தா ‘ஷ்’ன்னுவாங்க. தோழிங்க வந்தா ‘ஷ்’. சிரிச்சா ‘ஷ்’. கொரோனா கிளாஸுக்குன்னு எனக்கே தனியா போன் வாங்கிக் குடுத்தாங்க. அதுல எங்க குரூப்புல நான்தான் நெறைய பேசுவேன். அதுல யாரும் ‘ஷ்’ சொல்ல மாட்டாங்க சார். அத வுட்டுட்டு இங்க வந்து நான் இன்னா பண்றது?”

கலியபெருமாள் வாசலிலிருந்து ஓரடி வந்தார். “நான் ஒரு நாளாச்சும் சத்தம் போடாதன்னு சொல்லியிருக்கேனா வசந்தா? நீயே சொல்லு.”

வசந்தா தலை நிமிராமல் சொன்னார்: “நீங்க சொல்லவே வேணாம். ஒருவாட்டி அவ தட்டக் கீழ போட்டப்போ எழுந்து வந்து நின்னீங்க பாருங்க. ஒண்ணுமே பேசல. கண்ணு ரெண்டும் செவசெவன்னு, சும்மா நின்னீங்க. அன்னையிலிருந்து நான்தான் இந்த வூட்டுக்கு வாட்ச்மேன்.”

இந்த முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ரஹீம் சார் கலியபெருமாளிடம் திரும்பினார். “ஷிப்ட் பஸ்ல தூங்குவீங்களா?”

“தூங்குவேன் சார். ஏறி உக்காந்தா எறங்கறவரைக்கும் தூக்கந்தான்.”

“அந்த பஸ்ல ஹாரன் உண்டா?”

“ஹாரன் இன்னா சார், அதுல ஹாரன் தவிர அல்லாமே சத்தம் போடும்.”

கீர்த்தனாவின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஓடியது; உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பஸ்ல தூங்கற மனுஷனுக்கு வீட்ல எதுக்கு இவ்வளவு அமைதி? யார் கேட்டா இதை? நீங்க கேக்கலைங்கறீங்க. அவங்க உங்க கை போயிடுமோன்னு பயந்து குடுத்தாங்க. இந்தப் பொண்ணுகிட்ட இருந்து எடுத்துக் குடுத்தாங்க” என்றார் சார்.

அவர் அன்று சொன்ன புத்திமதி இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏற்பாடுகள். தாயையும் மகளையும் ஆஸ்பத்திரியில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். போனை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது, நாளுக்கு அரைமணி அரைமணியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதை அவளே ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்றார் அந்த மருத்துவர். பகலில் வீட்டில் வீட்டுச் சத்தம் இருக்க வேண்டும் என்பது ரஹீம் சாரின் நிபந்தனை. கலியபெருமாள் மறுபடி பெல்ட்டுக்கு வருமுன் அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் அந்தப் பெண் என்றேன். சரோஜா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் பதினோரு வருஷம் ஷிப்ட் பாத்தீங்க” என்றாள். “நம்ம பையன் ஏன் எப்பவும் கால்விரல் நுனியிலயே நடக்கறான்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல.”

என் மகனுக்கு இப்போது நாற்பது வயது. போனில் பேசினால் எனக்குப் பாதி கேட்காது. சத்தமாகப் பேசுடா என்று ஒவ்வொரு முறையும் எரிந்து விழுவேன். அவன் பேசாமல் இருந்துவிடுவான். நான் கோபித்துக்கொண்டு, அவன் போன் செய்யாத நாட்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அதைச் சொல்லி சரோஜா ஒரு முறைகூட என்னைக் குத்திக்காட்டியதில்லை. அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இந்த மலரில்தான் முதல்முதலாக எழுதுகிறேன். அவள் படிப்பாள், எழுத்துப்பிழை கண்டுபிடிப்பாள்.

அந்த வீட்டில் எதுவும் ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. அபிராமி இதைத் தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். கீர்த்தனா இரண்டு முறை பழையபடி போனோடு தாழிட்டுக்கொண்டாள். நேரம் எழுதும் நோட்டில் பொய் எழுதி மாட்டிக்கொண்டாள். ஐந்தாவது வாரம் பள்ளிக்கூடம் போய்த் திருப்புதல் தேர்வு எழுதினாள். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் அப்பாவிடம் மட்டும் பேசவில்லை. அவர் பக்கத்திலேயே இருந்தாலும், “அம்மா, அவருகிட்ட சொல்லு, நோட்டு வாங்கணும்” என்பாள். கலியபெருமாளும், “அம்மாகிட்ட சொல்லு, எத்தினி பக்கம்னு” என்பார். அப்படியே பழகிப்போயிற்று.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கலியபெருமாள் பெல்ட்டுக்குத் திரும்பினார், இன்னும் அங்கேதான் இருக்கிறார், இரண்டு கையோடும். கீர்த்தனா கல்லூரியில் படிக்கிறாள். போன் இல்லாமல் இருக்கிறாளா என்றால் இல்லை. என்னைவிடக் குறைவாகப் பார்க்கிறாள். ரஹீம் சார் ஓய்வுபெற்று மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறார். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, “எப்போ தூங்குனீங்க நடராஜன்?” என்பார்.

இனி அந்தக் காலைப்பொழுது.

சம்பவம் நடந்து எட்டு வாரம் கழித்துக் கலியபெருமாளுக்கு நைட் ஷிப்ட் போட்டார்கள், பெல்ட்டில் இல்லை, கன்ட்ரோல் ரூமில் இன்னொருவரோடு. அந்த வாரம் நான் மூன்று நாள் காலை பத்தே முக்காலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார்; அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு. முதல் நாள் குக்கர் ஒரு விசில் அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வசந்தா ஓடிவந்து, “தெரியாம வெச்சிட்டேங்க” என்று கையைப் பிசைந்தார். வேண்டுமென்றே வைக்கச் சொன்ன விசில்! இரண்டாம் நாள் நாற்பது நிமிடம் தூங்கினார். கீர்த்தனா அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது அவள் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கையில் அறிவியல் புத்தகம். என்னைப் பார்த்துவிட்டு, உரக்கப் படிக்கத் தொடங்கினாள். தனிமங்களின் வகைப்பாடு. அப்பாவின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அதில் காட்டினாள் என்றே நினைக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்கும்படி படித்தாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்தது. கலியபெருமாள் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

சிறிது நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. மெதுவாகத் தொடங்கி ஏறியது. அவள் குரலை உயர்த்தினாள். குறட்டையும் உயர்ந்தது. ஒரே வரியை நான்கு முறை படித்தாள். ஐந்தாம் முறை புத்தகத்தைத் தரையில் பொத்தென்று வைத்தாள்.

“யப்பா! நீ உடுற குறட்டையில எனக்கு ஒரு எழவும் மண்டையில ஏற மாட்டுது!”

வசந்தா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். அவரது ஆள்காட்டி விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மகள் அப்பாவிடம் பேச்சை நிறுத்திய எண்பத்து மூன்றாவது நாள்.

கலியபெருமாள் கண்ணைத் திறந்தார். சிவந்த கண்கள். எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கீர்த்தனா புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

“இன்னா பாடம்மா?” என்றார் அவர்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

“அறிவியல்” என்றாள்.

“மொதல்லேர்ந்து படி. நான் அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கறேன்.”

சுவர்ப் பக்கமாகத் திரும்பி, போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. என் படிவத்தில் நான்கு மணி நேரத் தூக்கம் என்று இருக்க வேண்டும். அவர் தூங்கியது இரண்டு மணி பத்து நிமிடம்தான். அதை அப்படியே எழுதினேன். விழித்த காரணம் என்ற கட்டத்தில், ‘மகள் கூப்பிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுந்து செருப்பை மாட்டும்போது அவள் பக்கத்தைப் புரட்டி, முதல் வரியிலிருந்து, அதே பெரிய குரலில் படிக்கத் தொடங்கியிருந்தாள்.